தபால் கட்டடத்தின் மூன்றாவது வளைவு

சித்தூரில் எங்கள் பழைய தபால் கட்டடத்தின் முன்தாழ்வாரத்துக்கு ஒன்பது வளைவுகள். இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது வளைவின் கீழே ஓர் அம்மாள் மடக்கு மேசை போட்டுக்கொண்டு, பதினாறு வருடமாகப் படிவங்கள் எழுதிக்கொடுத்து வந்தார். அவர் பிழைப்பே அந்த இடம்தான். அது அவர் கையைவிட்டுப் போனதற்குக் காரணம் நான் எழுதிய நான்கு பக்க மனு. அதை ஒளித்துவிட்டு இந்தக் கட்டடத்தைப் பற்றி எழுதினால் நாளைக்கு யாராவது வந்து கேட்பார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வயது எழுபத்தெட்டு. முப்பத்தோரு வருடம் கணக்கு வாத்தியார், அதில் கடைசி நான்கு வருடம் தலைமையாசிரியர். எதைப் பார்த்தாலும் எண்ணுவது தொழிலில் வந்த பழக்கமா, பிறவியிலேயே வந்ததா என்று தெரியவில்லை. தபால் கட்டடத்துக்கு முன்பு ஆறு படிகள். இப்போது ஐந்து. சாலையை உயர்த்தி உயர்த்தி ஒரு படியை மண்ணுக்குள் அனுப்பிவிட்டார்கள். ஊரில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. சுண்ணாம்புச் சுவரின் கனம் என் கையால் மூன்று சாண். கூரையைத் தாங்கும் தேக்கு உத்தரங்கள் பதினேழு. அவற்றில் இரண்டு கறையான் பட்டவை.

முகப்புச் சுவரிலேயே கடிதம் போடுவதற்கு மூன்று வாய்கள் இருந்தன. உள்ளூர், மதராஸ், மற்ற ஊர்கள். நடுவிலிருந்த மதராஸ் வாயை மட்டும் சிமெண்ட் பூசி அடைத்துவிட்டார்கள். எப்போது என்று யாரைக் கேட்டாலும் தெரியாது என்கிறார்கள். மற்ற இரண்டையும் விட்டுவிட்டு அதை மட்டும் ஏன் அடைத்தார்கள் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. தெலுங்குக்காரர்களிடம் கேட்டால் மழைநீர் இறங்கியது என்கிறார்கள். மழை என்ன மதராஸ் வாயில் மட்டுமா இறங்கும்?

அந்தக் கட்டடம் எத்தனை வேலை பார்த்திருக்கிறது என்று யோசித்தால் எனக்கே களைப்பாக இருக்கிறது. வலப்பக்க அறையில் தந்திக் கருவி தட்டிக்கொண்டிருந்தது. என் அப்பா இறந்த செய்தியை என் அண்ணனுக்கு அங்கிருந்துதான் ஒன்பது சொற்களில் அனுப்பினேன். தந்தி போனபின் அங்கே டிரங்க் கால் பேசும் கூண்டுகள் நான்கு வந்தன. கூண்டுகள் போய்க் கணினிகள் வந்தன. இப்போது ஆதார் திருத்தம். பின்கட்டில் தபால் வண்டிக் குதிரைகளைக் கட்டும் கொட்டடி இருந்ததாம், நான் பார்க்கும்போது அது சாக்குப் பைகளுக்கான அறை. பிறகு ஜெனரேட்டர், பிறகு ஏடிஎம். இப்போது உடைந்த நாற்காலிகள். மாடியில் போஸ்ட்மாஸ்டர் குடும்பத்தோடு குடியிருந்தார், வராந்தாவில் அவர் வீட்டுப் புடவைகள் காய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். குடும்பம் போனதும் புறாக்கள் குடியேறின. புறாக்களைத் துரத்திவிட்டுப் பாஸ்போர்ட்டுக்கு அறை போட்டார்கள். புறாக்கள் பாதி திரும்பி வந்துவிட்டன.

இப்படி இருக்கும்போது ஒருநாள் மூன்று பேர் வந்து கட்டடத்தை அளந்தார்கள். நாடா எதுவும் இல்லை. கையடக்கமான ஒரு பெட்டி, அதை அமுக்கினால் எதிர்ச்சுவரில் சிவப்புப் புள்ளி விழுகிறது, அளவு வந்துவிடுகிறது. சுவரில் சாக்கட்டியால் பதினோரு இடத்தில் பெருக்கல் குறி போட்டார்கள். அவர்களில் மூத்தவனாகத் தெரிந்த இன்ஜினியரிடம் எதற்கு என்று கேட்டேன். "ஹெரிடேஜ் சார்" என்றான். அதற்கு மேல் அவன் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

ஒரு கட்டடத்துக்கு மரபுச் சின்னம் என்று பெயர் வைக்கிறார்கள் என்றால், உள்ளே இருப்பவர்களைக் காலி செய்யப்போகிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்வேன். ஊரிலும் அப்படித்தான் பேச்சு. கவுன்டர்கள் எல்லாம் எங்கோ ஒரு வாடகைக் கட்டடத்துக்குப் போகுமாம். இங்கே அஞ்சல்தலைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டுவார்களாம், பக்கத்தில் காபி கடை வருமாம். கவர்மென்ட் கட்டடத்தில் யாரோ காபி விற்கப்போகிறான், அவன் யார் என்று தெரிந்தாக வேண்டும். நான் தினமும் காலை பத்து மணிக்குப் போய்த் தாழ்வாரத்தில் நிற்கத் தொடங்கினேன். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. யார் வருகிறார்கள், எந்த அறைக்குள் போகிறார்கள், எத்தனை நிமிடம் இருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டேன்.

போஸ்ட்மாஸ்டர் ஒருநாள் பொறுக்க முடியாமல் வெளியே வந்தார். "மாஸ்டாரு, மீகு ஏம் காவாலி, என்னதான் வேணும்? ஒரே ஒரு ஸ்டாம்ப் வாங்கறீங்க, ரெண்டு மணி நேரம் நிக்கறீங்க."

"ஸ்டாம்ப் வாங்கியவன் நிற்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்றேன். அவர் கையை விரித்துவிட்டு உள்ளே போனார்.

மூன்றாவது வளைவு அம்மாள் மட்டும் என் நிற்பை ரசித்தார். ஐம்பது வயதிருக்கும். குடிபாலாப் பக்கம் நிலமில்லாத கூலிக் குடும்பத்தில் பிறந்து, தெலுங்கு மீடியத்தில் பத்தாவது வரை படித்தவர். எல்லையோரத் தமிழ் ஊர்க்காரர்களுக்கு இங்கே எல்லாப் படிவமும் தெலுங்கில் என்பது பெரிய தொல்லை. அவர்கள் தமிழில் சொல்லச் சொல்ல இவர் தெலுங்கில் நிரப்புவார். அவரை எல்லோரும் அக்கா என்பார்கள். இந்தப் பக்கத்தில் வாத்தியாரை அய்யவாரு என்பது வழக்கம், அதனால் அவருக்கு நான் அய்யவாரு.

"இன்னா அய்யவாரே, தூணெல்லாம் சரியா கீதா? நேத்து ஒண்ணு எழுந்து பாகாலா பக்கமா போய்க்கினு இருந்துச்சாமே!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிரிக்கவைத்து கவனத்தைத் திருப்புகிறவர்களிடம் எனக்கு எப்போதும் எச்சரிக்கை உண்டு. மறுநாள் அவர் அந்த இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு போய், மழைக்கு எங்கே ஒழுகும், எந்த உத்தரத்தில் கறையான் என்று கை நீட்டிக் காட்டுவதைப் பார்த்தேன். என்னிடம் இரண்டு சொல்லுக்கு மேல் சொல்லாதவன் இவரிடம் பன்னிரண்டு நிமிடம் பேசினான். அன்றே நோட்டில் அவர் பெயருக்கு ஒரு தனிப் பக்கம் போட்டேன்.

பிறகுதான் கவர்கள் கண்ணில் பட்டன. தினமும் பதினொன்றரைக்கு உள்ளேயிருந்து அழைப்பார்கள். அவர் எழுந்து போய் ஜன்னலில் கவர்கள் வாங்கி வருவார். ஒரு நாள் இரண்டு, ஒரு நாள் நான்கு. அருகில் போய் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து பார்த்தேன். வங்கிக் கவர். பான் கார்டு கவர். அடுத்த நாள் ஆதார். ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆள் பெயர், கீழே 'கேர் ஆஃப்' என்று இவர் பெயர், 'தபால் ஆபீஸ், சித்தூர்' என்ற முகவரி. பதினான்கு நாட்களில் இருபத்து மூன்று கவர்கள். எல்லாம் மேசைக்குக் கீழே இருந்த ஒரு துணிப் பைக்குள் போயின.

பத்திரிகையைத் திறந்தால் அடுத்தவர் பெயரில் கணக்குத் திறந்து ஏமாற்றுகிறவர்களின் கதைதான். படிக்கத் தெரியாதவர்களின் ஏடிஎம் கார்டுகள் ஒரே ஆள் கையில் போய்ச் சேருகின்றன. எனக்கு வேறென்ன தோன்றும்? வீட்டுக்குப் போய், மார்ஜின் போட்டு, பத்திகளுக்கு எண் கொடுத்து மனு எழுதினேன். கட்டடத்தைப் பற்றிய என் சந்தேகங்கள் முதல் ஏழு பத்திகள். கவர்கள் எட்டாவது பத்தி. ஒரு பிரதியை இங்கே போஸ்ட்மாஸ்டருக்கும், ஒரு பிரதியைத் திருப்பதியில் மேலதிகாரிக்கும் அனுப்பினேன். திருப்பதிக்கு அனுப்பியதை அதே கட்டடத்தில்தான் ஸ்பீட் போஸ்டில் சேர்த்தேன். எடை பார்த்த பையனிடம் ரசீதில் நேரம் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டேன்.

என் மனுக்கள் இதுவரை நாற்பத்தாறு. எதற்கும் எதுவும் நடந்ததில்லை. இதற்குப் பதினோராவது நாளே நடந்தது. நான் போனபோது மேசை இல்லை. பத்து நாளாகவே புதுக் கவர் கொடுப்பதை நிறுத்திவிட்டு, இப்போது துணிப் பையிலிருந்த இருபத்து மூன்று கவர்களையும் அவரிடமிருந்து திரும்ப வாங்கி உள்ளே வைத்துவிட்டார்கள் என்று வரிசையில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். ஒன்பது வளைவுகளிலும் பச்சை வலை கட்டி, நடுவில் நடக்க மட்டும் வழி விட்டிருந்தார்கள். வலையைப் பார்த்து எனக்குக் குழப்பமாக இருந்தது. கவர்களுக்கும் வலைக்கும் என்ன சம்பந்தம்?

அன்று ஒரு மணிக்கு ஒரு ஆளும் அவன் மனைவியும் வந்து, மேசை இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

"அக்கா எங்க பெரியவரே? மேசைய காணோம்?"

"எதற்கு?" என்றேன்.

"என் லைசென்ஸ் வந்துகீதா பாக்கணும். அக்கா பேருக்குத்தான் போட்டுகிறேன்."

"உன் லைசென்ஸ் ஏன் அவங்க பேருக்கு வரணும்?"

"வூடு பூட்டிக்கீதே! நானும் இவளும் பெங்களூர்ல கீறோம். நான் ஜல்லி வண்டி ஓட்டறேன், இவ சென்ட்ரிங் ஆளுங்களுக்கு சமைக்கிறா. ஊர்ல போஸ்ட்மேன் வந்தா பூட்டத்தான் பாப்பாரு. ரெண்டு வாட்டி பாத்துட்டு திருப்பி அனுப்சிடுவாரு. என் ஏடிஎம் கார்டு அப்டியே ரெண்டு தபா போச்சு. அதுலேர்ந்து எங்க தெருவுல எல்லாருக்கும் அக்கா பேருதான். உகாதிக்கோ பொங்கலுக்கோ வந்தா வாங்கிக்குவோம்."

"அவங்க பிரிச்சுப் பாத்துட்டா?" என்று விடாமல் கேட்டேன்.

மனைவி இடையில் புகுந்தாள். "பிரிச்சுப் படிச்சு போன்ல சொல்றதே அவங்கதான். எங்களுக்கு தெலுங்கு படிக்க வருமா?"

அவர்களிடம் நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. உள்ளே விசாரிக்கச் சொல்லிவிட்டு நகர்ந்தேன். உள்ளே அவனிடம், கவர் ஏழு நாள் மட்டுமே இருக்கும், பிறகு அனுப்பியவர்களுக்கே திரும்பிப் போய்விடும் என்று சொல்லி, ஆதாரைப் பார்த்துக் கையில் கொடுத்தார்கள். அவனுடையது ஒன்று போக இருபத்திரண்டு.

மனுவைத் திரும்பப் பெறும் கடிதம் ஒன்று எழுதிக்கொண்டு, மறுநாள் காலை ரயிலில் பாகாலா வழியாகத் திருப்பதிக்குப் போனேன். அங்கே என் மகன் இருக்கிறான். ஸ்டேஷனுக்கு வந்தவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஸ்கூட்டரை நிறுத்தியே விட்டான்.

"யாரு நைனா உங்கள எழுதச் சொன்னது? சரி, எழுதிட்டீங்க. இப்ப எதுக்கு வாபஸ்? ரெண்டு காகிதத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்தா உங்களுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சும்பாங்க."

"ஆகட்டும்" என்றேன்.

மேலதிகாரி மரியாதையானவர். நாற்காலி கொடுத்தார், காபி கொடுத்தார். அந்த அம்மாள் யாரையும் ஏமாற்றவில்லை, நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவர் என் மனுவை எடுத்துப் புரட்டினார். ஏமாற்றினார் என்று எங்கள் பதிவிலும் இல்லை, ஆனால் அடுத்தவர் கவரை எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் கொடுத்து வந்தது விதிக்கு விரோதம், அதைச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி என்றார். அப்படியானால் மேசையை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் ஆறாவது பத்தியை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

'தாழ்வாரத்தில் தனிநபர் எவரும் நிரந்தரமாக அமர்ந்து எவ்விதத் தொழிலும் நடத்த அனுமதிக்கலாகாது.'

காபி கடைக்காரனை மனத்தில் வைத்து நான் எழுதிய வரி அது. கட்டட வேலைக்குத் தாழ்வாரத்தைக் காலி செய்து தரும்படி அந்த ஹெரிடேஜ் ஆட்கள் ஏழெட்டு மாதமாக எழுதிக்கொண்டிருந்தார்களாம். பொதுமக்கள் தரப்பிலிருந்தே கோரிக்கை வந்ததும் காரியம் சுலபமாகிவிட்டதாம். பதினாறு வருடமாகக் கட்டடத்தில் ஒழுகும் இடமெல்லாம் தெரிந்த ஒரே ஆளை நான் வெளியேற்றிக் கொடுத்திருக்கிறேன். காபியைக் குடிக்காமல் எழுந்தேன். இது திட்டம் போட்டு என்னைச் சிக்கவைத்ததா என்ற எண்ணம் படியிறங்கும்போது வந்தது. பதினான்கு படிகள். எட்டாவது படியிலேயே அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். எழுதியது நான், யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை.

சித்தூருக்குத் திரும்பியதும் அந்த அம்மாளைத் தேடிப் போனேன். கட்டடத்துக்கு எதிர்ப்பக்கம் ஜெராக்ஸ் கடையின் ஓரத்தில், ஷட்டர் நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மேசை விரிக்க இடமில்லை. மடியில் அட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

"வாங்க அய்யவாரே. இந்த எடத்தையும் எண்ணிக்கினு போக வந்தீங்களா?"

"அந்த மனு நான் எழுதியதுதான்" என்றேன்.

"தெரியும். மார்ஜின் போட்டு, நம்பர் போட்டு இந்த ஊர்ல வேற யாரு அர்ஜி எழுதுவாங்க? போஸ்ட்மாஸ்டரே சிரிச்சாரு. எனக்குத்தான் சிரிப்பு வர்ல."

"தப்பு நடந்துவிட்டதம்மா."

"நடந்துச்சா? யாரோ வந்து நடத்திட்டு போன மாதிரி சொல்ற!" அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. ஜெராக்ஸ்காரன் எட்டிப் பார்த்தான். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எடம் போனா போவுது. இன்னும் அஞ்சு நாள்தான் கீது. எல்லாருக்கும் போன் போட்டுட்டேன். பெங்களூர்லேர்ந்து ஒரு நாள் கூலிய வுட்டுட்டு வரணும், பாவம். இனிமே வர்ற கவருக்காவது எம்பேருக்கு அனுமதி எழுதிக் குடுத்துட்டுப் போங்கடான்னு சொல்லிகீறேன். அதுக்கு ஆபீசுக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு சாட்சி போடணுமாம். இவன் பயப்படறான்" என்று ஜெராக்ஸ் கடையைக் காட்டினார். "அர்ஜிக்கு அப்புறம் யாரும் எங்கிட்ட நிக்கவே மாட்டேன்றாங்க."

"நான் போடுகிறேன்" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "நீயா?"

"ஆபீசில் என்னைவிடத் தெரிந்த ஆள் யார் இருக்கிறார்கள்?"

அதற்கு மட்டும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டார்.

போஸ்ட்மாஸ்டர் என்னைப் பார்த்ததும் தலையில் கைவைத்தார். "நேத்து இவங்க மேல அர்ஜி, இன்னிக்கி இவங்களுக்கு சாட்சி. மாஸ்டாரு, நான் எத நம்பறது?" இரண்டிலும் ஒரே கையெழுத்துதான், ஒப்பிட்டுப் பாருங்கள் என்றேன். அவர் உண்மையிலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார்.

ஐந்து நாள் அந்த ஷட்டர் நிழலில் உட்கார்ந்தேன். சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவன் கண்ணை மூடிக்கொண்டு போட முடியுமா? வந்த ஒவ்வொருவரையும் கேட்டேன். இவரை எத்தனை வருடமாகத் தெரியும், கவர் எப்போதாவது தொலைந்ததுண்டா, ஏதாவது குறைந்ததுண்டா என்று. ஒன்பதாவது ஆளிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது அம்மாள் அட்டையால் என் முழங்காலில் தட்டினார்.

"சாட்சி போட வந்தியா, போலீசா வந்தியா?"

கேள்விகளைக் குறைத்துக்கொண்டேன். முழுதும் நிறுத்தவில்லை. முதல் மூன்று நாளில் பதினான்கு பேர், நான்காம் நாள் மூன்று பேர். நான்கு பேருக்கு லீவு கிடைக்கவில்லை என்று போன் வந்துவிட்டது. அவர்களின் கவர்கள் திரும்பிப் போயின. ஒன்று ஆதார், மூன்று ஏடிஎம் கார்டுகள். அதற்கு நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை, செய்யவும் இல்லை.

மீதி ஒருத்தி. கடைசி நாள் மூன்றரை மணிக்கு, பஸ் இறங்கி ஓடிவந்த மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். முப்பது வயதிருக்கும், கையில் சிமெண்ட் காய்ந்திருந்தது. படிக்கத் தெரியாது. நான்கு மணிக்கு ஜன்னல் மூடிவிடும். அம்மாள் படிவத்தை எழுதி முடித்து மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். அவள் விரலை நீட்டப்போனவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இவரு யாரு?"

"சாட்சி" என்றேன்.

"அக்காவ எனக்குத் தெரியும். உங்கள தெரியாதே? தெரியாத ஆளு கையெழுத்து போடற காகிதத்துல நான் ஏன் ரேகை வைக்கணும்? பேங்குல அப்டித்தான் உஷாரா இருக்கச் சொல்லிகீறாங்க."

அவள் இடத்தில் நான் இருந்தால் அதையேதான் கேட்டிருப்பேன், இன்னும் நான்கு கேள்வி கூடவே கேட்டிருப்பேன். நான் இன்ன பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவளுக்கு என்ன சாட்சி?

அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்போது என்ன சொல்லியிருந்தாலும் நியாயமாகத்தான் இருந்திருக்கும்.

"நம்ம அய்யவாருதான்" என்றார் கடைசியில். "நான் பொறுப்பு. வை."

"நீ சொல்றதால வைக்கிறேன்கா" என்று அவள் விரலை மையில் அழுத்தி எடுத்துக் காகிதத்தில் வைத்தாள். அந்த ரேகைக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். அவசரத்தில் கொஞ்சம் கோணலாக விழுந்தது. அவள் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எழுத்தே தெரியாத கண்ணால் என் கையெழுத்தை மேலும் கீழுமாக ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சாலையைக் கடந்து போனாள்.